நாற்காலிக்கு மூன்று நிமிடம்

ஸ்கார்னெஸ் விமான நிலையப் பலகையில் இப்போதெல்லாம் இரண்டே விவரங்கள்தாம். ஹெல்விக் வரை தொலைவு: தொள்ளாயிரம் கிலோமீட்டர். பயண நேரம்: மூன்று நிமிடம். விமானம் என்னவோ பழைய வேகத்தில் இரண்டு மணி நேரம்தான் பறந்தது. நாற்காலியில் பதித்த நேரச்சுருக்கி மூளையை மந்தமாக்கிவிடும்; அந்த இரண்டு மணி நேரம் பயணிக்கு மூன்று நிமிடமாகக் கழியும். இடையில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. வடகடல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஊருக்கு உலகமே பக்கத்து வீடாகிவிட்டது.

நகரசபை உறுப்பினர் கேதாரநாதனுக்கு அதில் தனிப் பெருமை. மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் பிள்ளை. சபையில் அவன் எழுந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்று நிமிடத்தில் ஹெல்விக்கின் பெரிய மருத்துவமனை இருக்க, உள்ளூரில் பிரசவப் பிரிவு எதற்கு என்று கேட்டு அதை மூட வைத்தவன் அவன்தான். மூன்று நிமிடத்துக்கு விமானத்தில் நோயாளிக்குத் துணையாகத் தாதி எதற்கு என்று அந்த வேலையையும் நிறுத்தினான். சோதனைப் பறப்பில் உறுப்பினர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் கைதட்டினார்கள். நோயாளிக் கட்டிலில் யாரும் படுத்துப் பார்க்கவில்லை.

சூரியன் மறையாத கோடையில், எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி சுபோதினிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. உடனே கொண்டுவரச் சொன்னார்கள் ஹெல்விக்கில். ஓட்டுநர் இல்லாத அவசர விமானத்தில் அவளைக் கட்டிலில் கிடத்தி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்பிடாதையும். கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ள போயிடுவம்."

"கையை விட்டிடாதேங்கோ," என்றாள்.

விடவில்லை. ஜன்னலில் மேகங்கள் தலைதெறிக்க ஓடின. ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டது. 'பாத்தீரே' என்று சொல்லத்தான் சிரித்தபடி திரும்பினான். அவன் மணிக்கட்டு முழுக்க நகக்கீறல்கள். கசிந்த இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

ஓடிவந்த மருத்துவர் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார், மறுபடி மாற்றினார். இரத்தம் போகிறவர்களுக்கு நேரச்சுருக்கி ஆபத்து, அதனால் கட்டிலில் அது கிடையாது என்றார். இது தெரியாமலா கூட வந்தீர்கள் என்றும் கேட்டார். கேதாரநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணி நேரமும் அவள் விழித்துக் கிடந்திருக்கிறாள்.

குழந்தையின் அசைவு எப்போது நின்றது என்று மருத்துவர் அவனைத்தான் கேட்டார். பக்கத்திலேயே இருந்தவன் அவன்தானே. அவன் சுபோதினியைத் திரும்பிப் பார்த்தான்.

சுபோதினி அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"பாதிக் கடல் தாண்டேக்க. உங்களை எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தன். பிறகு உங்கட கையை எடுத்து என்ர வயித்தில வைச்சன். ஒருக்கா உதைச்சது. அதுதான் கடைசி."

கேதாரநாதன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். எவ்வளவு யோசித்தும் அந்த உதை அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.