ஐந்தாவது மஞ்சள்

வெற்றிவேல் சுவரில் நாலு கலர்தான் தடவிவிட்டுப் போனான். காலையில் செந்தமிழ்ச்செல்வி ஜன்னலைத் திறந்தபோது அஞ்சு இருந்தது.

சந்தனம், பாதாம், வெண்ணெய், எலுமிச்சை என்று பெயர் சொல்லிச் சொல்லித்தான் பெயிண்டர் தடவினான். எல்லாமே கூடப்பிறந்ததுகள் போலக் கிட்டக் கிட்ட இருக்கிற மஞ்சள். "வெயில்ல ஒருக்கா, லைட்டப் போட்டு ஒருக்கா பாத்துட்டு சொல்லுக்கா. ரெண்டும் ஒன்னாத் தெரியாது," என்றவன் டவுன் பஸ் பிடிக்க ஓடினான். எலுமிச்சைக்குப் பக்கத்தில், அதே உள்ளங்கை அகலத்துக்கு, ஒன்று கூடுதலாக இருந்தது. போகிற அவசரத்தில் இழுத்திருப்பான், அவனுக்கு எதில்தான் நிதானம் என்று விட்டுவிட்டாள்.

அந்த அறையைத் திறந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. நாத்தனார் எழில்மதி அங்கேதான் மஞ்சள் காமாலையில் கிடந்து செத்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், வெள்ளிமலைக்கு ஜீப்பில் கூட்டிப்போய் மருந்து வாங்கினார்கள், ஆஸ்பத்திரியிலும் சேர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. செத்த நட்சத்திரம் சரியில்லை, ஆறு மாசம் அடைப்பு, அறையைப் பூட்டியே வையுங்கள் என்று பஞ்சாங்கம் பார்க்கிறவர் சொன்னார். அடைப்பு முடியும் முன்னே மகள் தனுஷாவுக்குக் காதுகுத்துக்கு நாள் வைத்தாகிவிட்டது, சொந்தபந்தம் வந்து தங்க இடம் வேண்டும். "பெயிண்டு அட்ச்சிட்டா புது ரூமு. புது ரூமுக்கு இன்னா அடைப்பு?" என்று புருஷன் தீனதயாளன் பூட்டைத் திறந்துவிட்டான். செத்தது அவன் தங்கச்சி. அவனிடம் யார் வாய் கொடுப்பது?

வெயில் ஏற ஏறச் சந்தனம் வெளுத்தது, பாதாம் பழுப்படித்தது, வெண்ணெய் இருக்கிற இடமே தெரியவில்லை. அஞ்சாவது மட்டும் அப்படியே இருந்தது. சாயங்காலம், கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை எரிகிற வாசம் ஜன்னல் வழியே வந்து மூலையில் தேங்கி நிற்க, ட்யூப்லைட் விட்டுவிட்டு மினுக்கி ஒருவழியாய் எரிந்து, எங்கேயோ ஒரு பல்லி கத்தி ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தாள். வெளிச்சம் மாறியதே அதற்குத் தெரியவில்லை. விரலால் தொட்டாள். மற்ற நாலும் காய்ந்து சொரசொரவென்று ஜில்லிட்டிருக்க, இது வழுவழுவென்று வெதுவெதுப்பாக இருந்தது. பெயிண்ட் வாசமும் அடிக்கவில்லை. கீழாநெல்லியின் பச்சை வாசம் அடித்தது.

எங்கேயோ பார்த்த மஞ்சள். சோறு வடிக்கும்போது ஞாபகம் வந்துவிட்டது. கடைசி வாரத்தில் தண்ணி கேட்டு எழில்மதி நீட்டின உள்ளங்கை. கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள்.

"இதாண்டி நல்லாக்கீது. இதையே அடிக்கச் சொல்லு," என்றான் தீனதயாளன், அஞ்சாவதைக் காட்டி.

போன் போட்டாள். "அப்பிடி ஒரு கலரு எங்கிட்ட இல்லியேக்கா. நாலுதான் அட்ச்சேன்," என்றான் வெற்றிவேல். மறுநாள் வந்து பார்த்தவன், சுவர் ஓதம் வாங்கியிருக்கும் என்று அதன்மேல் ப்ரைமர் ரெண்டு கை இழுத்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை, ப்ரஷ்ஷைக்கூடக் கழுவாமல் கிளம்பினான். மத்தியானத்துக்குள் வெள்ளையைத் தாண்டி அது மேலே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எலுமிச்சையைக் காணோம். அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை.

தனுஷா மட்டும் அந்த அறையை விட்டு வரமாட்டேன் என்றது. அத்தை இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேசியது.

"யாருகிட்டடி பேசிக்கினு இருக்க?"

"அத்தைகிட்ட. அதுக்குத் தனியா இருக்க பயமா இருக்குதாம்மா."

ஒரே ஒரு பிள்ளை. வேண்டாத கோயிலில்லை, அப்படிப் பெற்ற பிள்ளை. செல்வி அதைத் தரதரவென்று இழுத்து வந்து வாசல் வெயிலில் நிறுத்தினாள். நகம் மஞ்சள். கண்ணின் வெள்ளை மஞ்சள். ஒருவேளை வெயிலாக இருக்கும் என்று மனசு சமாதானம் தேடியது. கலர் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன புத்தி. பிள்ளையைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய், கையைப் பிடித்துச் சந்தனத்தின்மேல் வைத்தாள். கை தனியாகத் தெரிந்தது. பாதாமில் வைத்தாள். தெரிந்தது. வெண்ணெயில் வைத்தாள். தெரிந்தது.

அஞ்சாவதில் வைத்தாள்.

விரல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

வெடுக்கென்று பிடுங்கினாள். கை வந்தது, கொஞ்சம் தாமதமாக வந்தது. இனி ஒரு நிமிஷம் இந்த வூட்டில் பிள்ளை இருக்கக்கூடாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அப்படியே எலவனாசூர்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்கு. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். பிள்ளைக்குச் சிவப்பு கவுனை மாட்டி, சடை பின்னிக் கட்டிலில் உட்காரவைத்தாள். பீரோவைத் திறந்து ரெண்டு துணியைப் பையில் அடைத்தாள். திரும்பினாள்.

கட்டில் காலி.

"தனு?"

வாசலில் இல்லை. கொல்லையில் இல்லை. அடுப்படியில் இல்லை. பூட்டின அறைக்குள்ளிருந்து சத்தம். சரக். சரக். பெரிய ப்ரஷ்ஷைச் சுவரில் மேலும் கீழும் இழுக்கிற சத்தம். நடுவில் பிள்ளை சிரிக்கிறது.

பூட்டு பூட்டினபடியே தொங்கியது. சாவி இடுப்பிலேயே இருந்தது.

திறந்தாள். ரெண்டு தடவை சாவி தவறியது. சத்தம் நின்றது.

நாலு சுவரும் அந்த மஞ்சள். கூரையும். மூலை எது, சுவர் எது, தெரியவில்லை. ஆள் இல்லை.

எதிரே சிவப்பு கவுன். தரையில் நிற்கவில்லை. அந்தரத்தில், ஒரு பொம்பளை இடுப்பு உயரத்தில், ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது. கவுனுக்கு மேலே ரெட்டைச் சடை. சடைக்கு நடுவில் முகம் இல்லை. சுவர்தான்.

"அம்மாகிட்ட வாடா கண்ணு," என்றாள் செல்வி. ரெண்டு கையையும் நீட்டினாள்.

சுவரில் ரெண்டு கண் திறந்தன. அம்மாவைப் பார்த்தன. அடையாளம் தெரியாமல் பார்த்தன.

அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே, இன்னும் ரெண்டு திறந்தன.