அப்டேட்டுக்குப் பின் வந்த படம்

மானிட்டர் கறுப்பாகக் கிடந்தது, ஆனால் அணைந்திருக்கவில்லை. கார்குழலிக்கு முதலில் உறுத்தியது அதுதான். அணைந்த மானிட்டரில் ஜன்னல் தெரியும், தன் முகம் தெரியும். இந்தக் கறுப்பில் எதுவுமே தெரியாமல், கிணற்றின் அடியில் தண்ணீர் அசைவதுபோல என்னவோ மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

காசிமேடு துறைமுகத்தை ஒட்டிய விசைப்படகுச் சங்கத்தின் மாடி அறை. மதியம்தான், ஆனாலும் மேகம் கவிந்து இருண்டிருக்க, டீசலும் மீனும் ஈர வலையும் கலந்த வாடை படியேறி வந்து அறைக்குள் தங்கியிருந்தது. காலையில் கம்ப்யூட்டரின் லினக்ஸுக்கு அப்டேட் போட்டது அவள்தான். அதிலிருந்து மேகப் படமே வரவில்லை. புயல் மேகம் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வது அவள் வேலை. கடலில் இருந்த படகுகளில் ஒன்றில் அவள் புருஷன் ஜெயவேல்.

மெஷினை அமைத்துக் கொடுத்த வண்ணாரப்பேட்டை தீனாவுக்குப் போன் போட்டாள்.

"பேஜாராவாதக்கா. அப்டேட்ல கெர்னல் மாறிக்கீது, கிராபிக்ஸ் டிரைவர் பழசு. ரெண்டும் ஒத்துப்போவல. நான் சொல்ற மாதிரி அடி, டிரைவர மறுபடி போட்டுடலாம்."

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவன் சொன்னதையெல்லாம் அடித்தாள். திரை வெளுத்தது. மேகப் படம் இல்லை. பச்சைச் சுவரின் ஒரு கீற்று, மேசை விளிம்பு, ஒரு பெண்ணின் முதுகு.

"இன்னாமோ ரூமு தெரியுது தீனா. துண்டு துண்டா."

"கார்டு மெமரில தங்கிப்போன பழைய படம்க்கா அது. டிரைவர் சரியா ஏறலன்னா அப்டித்தான் குப்பையக் காட்டும். இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணு."

மூச்சு வந்தது அவளுக்கு. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இப்போது துண்டுகள் பெரிதாக இருந்தன. வாசற்படியிலிருந்து எடுத்ததுபோல ஒரு அறை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் தலையைச் சாய்த்து, தோளில் ரிசீவரை இடுக்கியிருந்தாள்.

கார்குழலியின் கழுத்து வலித்தது.

"தீனா... இதுல கேமரா எதுனா வச்சிக்கிறியா?"

"கேமராவா? அதுல ஏதுக்கா கேமரா?"

ஜெயவேலை நினைத்துக்கொண்டு மீண்டும் ஸ்டார்ட் பட்டனைத் தட்டினாள்.

வாசற்படியிலிருந்து இல்லை இப்போது. பக்கம். மிகப் பக்கம். பின்னங்கழுத்து. ஒட்டிய முடி. ஒரு வியர்வைத் துளி.

மீன் வாடை போய்விட்டிருந்தது. வெறும் உப்பு. குளிர்ந்த உப்பு.

"யக்கா," தீனாவின் குரல் இறங்கியது. "உன் பக்கத்துல யார்னா கீறாங்களா? மூச்சு உடுற சத்தம் கேக்குது."

கைகள் மடியில் கிடந்தன. எதையும் தொடவில்லை. திரையில் துண்டுகள் தாமாக நகர்ந்தன. சேர்ந்தன.

முழுப் படம்.

அவள் முகம். பிதுங்கிய கண்கள். அலறலில் கிழிந்ததுபோல் திறந்த வாய். படத்திலிருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டிருந்தாள்.

கார்குழலி இன்னும் திரும்பவில்லை.