நாலு சுவருக்குள் ஓர் அழுகை

"வீ...ல்!"

மாடியிலிருந்து வந்தது... பச்சைக் குழந்தையின் அழுகை!

சர் ரானுல்ஃபின் கையிலிருந்த மதுக்கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது.

மாடியில் குழந்தையே கிடையாது. மனைவி அமிஸ் பிரசவித்த அறை மட்டும்தான், அதுவும் பூட்டிக் கிடந்தது. அமிஸ் தேவாலயக் கல்லறையில். குழந்தை ஆப்பிள் தோட்டத்து மண்ணுக்குள்!

"கேட்டுச்சா?" என்றான், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனி பெட்ரோனில்லாவிடம்.

"என்னது அத்தான்?"

"குழந்தை... அழுதுச்சே!"

"எனக்கொண்ணும் கேக்கலையே. ராத்திரியெல்லாம் தூங்கலையா? கண்ணு ரத்தமா செவந்திருக்கு."

ரொட்டியை நிதானமாகப் பிய்த்தாள்.

"என் அக்கா நிலத்த விட்டுட்டு உங்க ஊருக்குக் கிளம்புங்க. தூக்கம் தானா வரும்."

"நிலம் எனக்கு! குழந்தை அழுதுச்சு. சாட்சி இருக்கு!"

சண்டையே அதில்தான். வைன்ஸ்பி பண்ணை அமிஸுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. அவள் பெற்ற குழந்தை நாலு சுவருக்குள் ஒரே ஒரு முறை அழுதிருந்தால் போதும். அடுத்த நிமிஷமே செத்தாலும், புருஷன் சாகும்வரை நிலம் புருஷனுக்கு. செத்தே பிறந்திருந்தால் இன்றைக்கே தங்கைக்கு! சட்டம் அப்படி.

வாசலில் குளம்பொலி. அரசரின் நில விசாரணை அதிகாரி ஸ்டேவ்லி, நனைந்த தொப்பியை உதறியபடி உள்ளே வந்தார். பின்னாலேயே இரண்டு காவலர்கள், சாட்சி விசாரிக்க ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர்.

"குழந்தை அழுததக் கேட்டேன்னு சொன்ன, சுவருக்கு வெளிய நின்ன ஆம்பளை யாருப்பா?" என்றார்.

ஒரு குடியானவன் முன்னால் வந்தான். "நான்தாங்க. காதால கேட்டேன். சத்தியமா அழுதுச்சு!"

"ஐயா, உள்ள இருந்த மருத்துவச்சி எம்மோட்டக் கேளுங்க!" பெட்ரோனில்லா எகிறினாள். "செத்துப் பொறந்துச்சுன்னு என்கிட்டயே சொன்னா!"

"பிரசவ அறைக்குள்ள ஆம்பளை போகக்கூடாது. இதுல பொம்பளை சாட்சி செல்லாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற காதுதாம்மா கணக்கு."

"நல்லா இருக்கே! உங்க சட்டம் ஒட்டுக் கேட்டுத்தான் பொழைக்குதா?"

ஸ்டேவ்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு இறகுப் பேனாவை எடுத்தார். ரானுல்ஃப் பெருமூச்சு விட்டான்.

அப்போது...

"வீ...ல்! வீ...ல்!"

பன்னிரண்டு தலைகளும் மாடியைப் பார்த்துத் திரும்பின. ஒருவர் சிலுவைக் குறி போட்டார்.

"நிறுத்து அமிஸ்!" ரானுல்ஃப் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். "செத்துப் பொறந்தது எப்படி அழும்? அன்னிக்கு அழுதது ஆட்டுக்குட்டி! கதவுக்குப் பின்னால நான்தான் அது காதத் திருகினேன்... நீ கதவிடுக்குல பாத்துட்டே... தங்கச்சிகிட்ட சொல்லுவேன்னே... தலகாணிய அமுக்காம நான் வேற என்ன பண்றது!"

"தலகாணியா?" பெட்ரோனில்லாவின் குரல் உடைந்தது. "அக்கா பிரசவத்துல செத்தான்னு சொன்னியேடா, பாவி!"

அவன் பொய்யனென்று அவளுக்குத் தெரியும். கொலைகாரனென்று தெரியாது. தேம்பித் தேம்பி அழுதாள்.

ஸ்டேவ்லி கண்ணைக் காட்ட, காவலர்கள் ரானுல்ஃபின் கைகளைக் கட்டினார்கள்.

பெட்ரோனில்லா கண்களைத் துடைத்துக்கொண்டாள். மாடிக்கு ஓடிப் போய்த் தன்னிடமிருந்த சாவியால் அறையைத் திறந்தாள். மருத்துவச்சி எம்மோட், கையில் குழந்தையோடு இறங்கி வந்தாள்.

"இவன பயமுறுத்த நான்தான் ஏற்பாடு பண்ணேன் ஐயா. எம்மோட், யார் வீட்டுக் குழந்தைடி இது? கொண்டுபோய்க் குடுத்துடு."

"குடுத்துட்டேன் அம்மணி. உங்க அக்கா புள்ளதான் இது!"

"எ... என்னது?"

"'குழந்தை அழுதா நிலம் அவருக்கு உறுதியாயிடும், அப்புறம் நான் அவருக்குத் தேவைப்பட மாட்டேன், செத்துடுச்சுன்னு சொல்லு'ன்னு உங்க அக்கா என் கையப் புடிச்சுக் கெஞ்சினாங்க. தோட்டத்துல புதைச்சது வெறகுக் கட்டை. இவரு துணியப் பிரிச்சுக்கூடப் பாக்கல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி!"

"நீங்களும் இந்த நிலத்துக்கு அலைஞ்சவங்கதானே அம்மணி?"

பெட்ரோனில்லாவின் முகம் கறுத்தது. வாரிசு உயிரோடு இருக்கிறது. நிலம் இனி அவளுக்கில்லை! ஆனால் அமிஸின் அதே மோவாய், அதே மூக்கு... குழந்தையை வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

திடீரென்று ரானுல்ஃப் சிரிக்கத் தொடங்கினான்.

"அப்போ உயிரோடதான் பொறந்திருக்கு! நாலு சுவத்துக்குள்ள அழுதத பன்னண்டு பேரும் கேட்டாச்சு! என் ஆயுசு வரைக்கும் நிலம் எனக்குத்தான். எழுதுய்யா!"

ஸ்டேவ்லி பேனாவை மையில் தோய்த்து மளமளவென்று எழுதினார்.

"எழுதியாச்சு பிரபு. ஆயுசு பூரா அனுபவிங்க... தூக்கு வர்ற வெள்ளிக்கிழமைதான்!"