விசிறியாருக்குப் பத்து நிமிடம்

"அந்த ஸ்விட்சுலேர்ந்து கையை எடு."

"எடுக்க மாட்டேன்பா. பத்தே பத்து நிமிஷம் அணைச்சு வெச்சா..."

"ஃபில்டர் மோட்டார் நின்னா தண்ணி என்னாகும்னு உனக்கு..."

"ஒண்ணும் ஆகாது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான்..."

"நான் இன்னும் பேசி முடிக்கல."

"நானுந்தான் முடிக்கல."

அலமாரியின் மேல் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் கடுகு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் கடுகுதான். ஆள் சின்னது, காரம் பெரியது என்று அம்மா வைத்த பெயர்.

தொட்டியில் இரண்டு வாளி உப்புத் தண்ணீர். அதில் ஓர் ஆரஞ்சு மீன், ஒரு நத்தை, அப்புறம் விசிறியார்.

விசிறியார் ஒரு கடற்புழு. ஆனால் கடுகின் காதுபட யாரும் அவரைப் புழு என்று சொல்லிவிட முடியாது. விரல் நீளத்துக்குத் தோல் போன்ற ஒரு குழாயைத் தானே கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கிறார். குழாயின் வாயில் பழுப்பும் வெள்ளையுமாக ஓர் இறகு விசிறியை விரித்து வைப்பார். தண்ணீரில் மிதந்து வரும் பொடிப்பொடித் துகள்கள் அதில் ஒட்டும். ஒட்டியது மெல்ல நழுவி நடுவில் இருக்கும் வாய்க்குப் போகும். அவ்வளவுதான் அவர் சாப்பாடு. தேடிப் போக மாட்டார், துரத்திப் பிடிக்க மாட்டார். வந்தால் உண்டு, வராவிட்டால் பட்டினி. யாருடைய நிழலாவது மேலே விழுந்தால் விசிறியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மீன் கடைக்காரர் ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தார். பச்சையாகத் தெரிவதெல்லாம் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கடற்பாசி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு சொட்டு. கடுகு ஒருநாளும் தவறவில்லை. ஆனாலும் வாரத்துக்கு வாரம் விசிறி சுருங்கிக்கொண்டே வந்தது.

ஏன் என்று அன்று காலையில்தான் அவளுக்குப் புரிந்தது. ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சை எடுத்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிழிந்தாள். பச்சையாக வடிந்தது. கிண்ணத்தை அப்படியே அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது யாரோட சாப்பாடு, சொல்லுங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, எவ்வளவு நல்லா வடிகட்டியிருக்கு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு வேலை குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். அங்கே மோட்டார் நின்றால் அபாய மணி அடிக்கும், பாதி ஊர் காலி வாளியோடு வாசலில் நிற்கும். வீட்டுத் தொட்டியிலும் ஒரு தூசு மிதந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த விருந்தாளியின் கதையை இதுவரை முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பார்.

"அந்தச் சுத்தத்துலதான்பா அவரு பட்டினி கிடக்கிறாரு" என்றாள் கடுகு.

அங்கே பிடித்த சண்டைதான் ஸ்விட்ச் வரைக்கும் வந்திருந்தது. சாப்பாடு மிதந்தால் தண்ணீர் கெடும், தண்ணீர் கெட்டால் மீனும் போகும், மோட்டாரை அணைக்கக் கூடாது என்று அப்பா முடித்துவிட்டார். அம்மா வந்து இருவரையும் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மா பேருந்து ஓட்டுநர். வேலைக்கு நேரமாகிவிட்டதால் பாத்திரம் கழுவும் அவசரத்தில் அப்பாவின் தட்டில் கை வைத்தாள். அப்பா இடது கையால் தட்டை மூடிக்கொண்டார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க தட்டை எடுக்கலாமா? அதைவிடப் பாவம் வேற உண்டா?"

கடுகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் விசிறி தனியாகக் கழன்று, நனைந்த இறகு போல மணலில் கிடந்தது. குழாயின் வாய் மூடியிருந்தது.

அப்பாவுக்கும் வருத்தம்தான். ஆனாலும் இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். செத்ததைத் தண்ணீரில் விட்டு வைக்க முடியாது என்றார். கடுகு தொட்டியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"செத்துட்டாருன்னு யார் சொன்னா?"

"தலையே விழுந்துடுச்சேம்மா."

"அது தலை இல்ல, விசிறி. போன மாசம் இன்னொரு நத்தை செத்துச்சே, வீடே நாறலையா? இவரு நாறுறாரா? மோந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

சொட்டுக் குழாயால் விசிறியார் பக்கத்துத் தண்ணீரை உறிஞ்சி ஒரு கரண்டியில் விட்டாள். அப்பா குனிந்து மோந்தார். உப்பு வாசனைதான். நம்பாமல் இன்னொரு முறை மோந்தார். மூக்கு நுனி நனைந்ததுதான் மிச்சம்.

அம்மா சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். நாற்றம் வரும் அன்றைக்கு எடுத்துவிடலாம், வராத வரைக்கும் யாரும் தொடக் கூடாது.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கரண்டி, இரண்டு மூக்கு. பத்தாம் நாள் அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"போனது போயிடுச்சு. விட்டுடும்மா."

"நாத்தம் வந்துச்சா?"

"வரல."

"அப்ப விட மாட்டேன்."

பதினாலாம் நாள் மாலை. அம்மா வண்டியில், அப்பா நிலையத்தில். கடுகு பள்ளிப் பையைக் கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் பார்த்தாள். குழாயின் வாயில் வெள்ளையாக என்னவோ எட்டிப் பார்த்தது. அவள் நிழல் பட்டதும் காணாமல் போனது. அவள் பின்னால் நகர்ந்து, மூச்சு விடாமல் காத்திருந்தாள்.

மெல்ல மெல்ல ஒரு விசிறி விரிந்தது. அவளுடைய சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். புத்தம் புதுசு.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான் நின்றது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதில் அந்த விசிறிக்கு அகப்பட ஒன்றுமே இல்லை. இப்படியே விட்டால் இதுவும் உதிரும்.

கடுகு போய் ஸ்விட்சை அணைத்தாள்.

வீடு திடீரென்று அமைதியானது. சின்ன விசிறிக்குச் சின்னச் சாப்பாடு போதும் என்று இரண்டே சொட்டு விட்டாள். பச்சை மேகம் ஒன்று எங்கும் ஓடாமல் அப்படியே மிதந்தது. விசிறி அசைந்தது. மணி ஐந்து ஐந்து. ஐந்து பதினைந்துக்குத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

ஐந்து ஒன்பதுக்குக் கதவு திறந்தது. ஒரு காலணியைக் கழற்றிய அப்பா, மற்றதைக் கழற்றாமல் நின்றார். தூக்கத்திலும் மோட்டார் சத்தத்தைக் கேட்கிற காது அவருடையது.

"மோட்டார் ஏன் நிக்குது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒற்றைக் காலணியோடு டக் டக்கென்று நடந்து வந்து ஸ்விட்சில் விரலை வைத்தார். அப்போதுதான் அவர் பார்வை தொட்டிக்குள் போனது. பச்சைத் தண்ணீருக்கு நடுவே, நகம் அளவு விசிறி.

விரல் ஸ்விட்சின் மேல் அப்படியே நின்றது.

கடுகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்கப்பா. அவரு இன்னும் சாப்பிட்டு முடிக்கல."