பதின்மூன்றாவது குஞ்சு

சண்முகப்பிரியா பன்னிரண்டு குஞ்சுகளைத்தான் விட்டிருந்தாள். விடிந்து மோட்டார் ரூமைத் திறந்து பார்த்தபோது பதின்மூன்று இருந்தன.

தூக்கக் கலக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். கதவை இன்னும் கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் உள்ளே விழும்படி செய்துவிட்டு மறுபடி எண்ணினாள். மஞ்சளும் பழுப்புமாகப் பன்னிரண்டு குஞ்சுகள் கூடையைச் சுற்றிக் கீச் கீச்சென்று குருணையைக் கொத்திக்கொண்டிருந்தன. பதின்மூன்றாவது மட்டும் வெளியே வரவில்லை. வைக்கோலில் உட்கார்ந்திருந்த சாம்பல் கோழியின் இடது இறக்கைக்கு அடியில், எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. சத்தமே இல்லை. மூச்சு விடுவதுபோல மெதுவாக ஏறி இறங்கியது.

கையை நீட்டினாள். கோழி கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தொண்டைக்குள் கொர்ர்ர் என்றது. ஒரு வருடமாக அவள் உள்ளங்கையில் தீனி தின்ற கோழி. விரலில் ரத்தம் வரக் கொத்தியது.

அடைக்கோழிக்கு வெளிக் குஞ்சு சேர்ப்பது அவளுக்குப் புதிதல்ல. பொழுது சாய்ந்து, கோழிக்குக் கண் தெரியாத நேரமாகப் பார்த்து, அடியிலிருக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, அந்தச் சூட்டிலேயே குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். விடிந்தால் எல்லாம் அதன் பிள்ளைகள். வெளிச்சத்தில் விட்டால்தான் வம்பு. வேற்றுக் குஞ்சு என்று கண்டுகொண்டு உச்சந்தலையிலேயே கொத்திக் கொன்றுவிடும். இருட்டில் சூடாக வந்து அடியில் ஒண்டினால் போதும், கோழிக்கு அதுதான் பிள்ளை.

நேற்று மாலை அவள் உருவிய முட்டைகள் பதினொன்று. அடை வைத்து இருபதாம் நாள், பொரிக்க இன்னும் ஒரு நாள்.

அடை வைத்தபோது கூடையில் ஓர் இரும்புத் துண்டு போட மறந்திருந்தாள். போன வாரம் அடித்த மழையில் தோட்டமே அதிர இடி இடித்தது. இரும்பு இல்லாத கூடையில் இடி கேட்டால் முட்டை கலங்கிவிடும் என்று அந்தப் பக்கத்தில் பால் ஊற்றுகிறவர்கூடச் சொல்வார். போன் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தாள். முட்டை முழுக்க ஒரே இருட்டு. கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். முழுசாக வளர்ந்த குஞ்சும் டார்ச்சில் அப்படித்தான் இருட்டாகத் தெரியும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் காரமடையிலிருந்து வாங்கி வந்த பன்னிரண்டும் அட்டைப்பெட்டிக்குள் குளிரில் கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு உடனே ஒரு தாய் வேண்டும்.

குப்பைக்குழியில் பதினொன்றையும் கொட்டி, மண்வெட்டியால் மண்ணை இழுத்துவிட்டபோது அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரே ஒரு கீச். ஓட்டுக்குள்ளிருந்து வருகிற, ஈரமான, மெல்லிய சத்தம். மண்வெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு அவள் இன்னும் நாலு வெட்டு மண்ணை இழுத்துப் போட்டு, காலால் மிதித்துவிட்டு வந்தாள்.

யாரிடமும் அதைச் சொல்லவில்லை. காலையில் கணவன் மனோஜ்குமாருக்குப் போன் போட்டபோதும் சொல்லவில்லை. அவன் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறான். இன்றைக்கு இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு நாளைக் காலையில்தான் வருவான். தறிச் சத்தத்துக்கு நடுவே அவன் சிரித்தான்.

"ஒண்ணு சாஸ்தியா இருக்குதுன்னு பொலம்பற மொத ஆளு நீதான் பிரியா. நீ கோழிய ஏமாத்துன, கோழி உன்னைய ஏமாத்திப்போட்டுது. போ, சரியாப் போச்சு."

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. உச்சந்தலையில் ஆளுக்கொரு ஓட்டை. மிச்சம் பத்தும் சுவர் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன. கோழியின் இடது இறக்கை இப்போது உடம்போடு சேரவில்லை. அடியில் இருந்தது ஆப்பிள் அளவுக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மகள் சைத்ரா வீட்டில்தான் இருந்தாள். ஐந்து வயது. குஞ்சு பார்க்கணும் என்று காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாள் வந்து, தன் வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டிருக்கிறது, குழந்தைக்குக் காட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டபோது சண்முகப்பிரியா உடனே சரி என்றாள். குழந்தை இன்றைக்கு இங்கே இல்லாமலிருப்பதே நல்லது. அவசரமாகத் தலை வாரி, நேர் வகிடு எடுத்து ரெட்டைப் பின்னல் போட்டாள். மஞ்சள் கவுனில் இரண்டாவது பட்டன் அறுந்திருந்தது. வெள்ளை நூல் கிடைக்கவில்லை, சிவப்பு நூலில் தைத்துவிட்டாள்.

பதின்மூன்றாவதைப் பற்றிச் சொன்னாள். மயிலாத்தாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சும்மா வந்த குஞ்ச வேண்டாங்கறீங்களா அம்மணி? புடிச்சு எங்கூட்டுக்கு அனுப்பிப் போடுங்க" என்றாள். பொழுதோடு தானே குழந்தையைக் கொண்டுவந்து விடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குள் பன்னிரண்டும் செத்திருந்தன. எல்லாவற்றுக்கும் அதே இடத்தில் ஓட்டை.

அவற்றை முறத்தில் அள்ளும்போது கோழி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணைப் பாதி மூடி, தேங்காய் அளவுக்கு உயர்ந்துவிட்ட இறக்கையை இன்னும் இறுக்கி அணைத்தபடி, சுகத்தில் கிடப்பதுபோலக் கொர்ர், கொர்ர் என்று அடங்கிய குரலில் முனகிக்கொண்டிருந்தது. அறை முழுக்கக் குப்பைக்குழி மண்ணும் பச்சை முட்டையும் கலந்த ஒரு கவிச்சி.

மறுபடி போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆறு மணிக்கு மேற்கே மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்து, தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கியபோது, மோட்டார் ரூமிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த முனகல் நின்றுபோனது. அது நின்றதுதான் அவளைப் போக வைத்தது.

கோழி உட்கார்ந்தபடியே செத்திருந்தது. தொட்டதும் சாய்ந்தது. காகிதக் கூடுபோல ஒரு கனமும் இல்லை. இடது இறக்கைக்கு அடியில் ஒரு இறகுகூட மிச்சமில்லாமல், தோல் வெளுத்து, சப்பியெடுத்ததுபோலச் சுருங்கியிருந்தது.

அங்கே எதுவும் இல்லை.

கூடையிலிருந்து வாசல் வரை சிமெண்ட் தரையில் ஈரத் தடம். மண் கலந்த ஈரம். மோட்டார் ரூமைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி, வீட்டின் பின்கதவுப் பக்கம் போயிற்று. கதவுக்கு நாலடி முன்னால் மழை கொட்டத் தொடங்கி, மிச்சத் தடத்தைக் கழுவிக்கொண்டு போனது.

உள்ளே ஓடி இரண்டு கதவையும் தாழ் போட்டாள். கரண்ட் போனது. மயிலாத்தாளைக் கூப்பிட்டு, குழந்தையை இன்றைக்கு அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இரண்டு தரம் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது, யாரும் எடுக்கவில்லை. கட்டிலில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கால்களை மேலே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓட்டின் மேல் மழை. அடுப்படியில் எங்கோ சொட்டு. அதற்குள் இன்னொரு சத்தம். ஈரக் காலால் தரையில் நடக்கிற, சின்னச் சத்தம்.

அவள் மூச்சை அடக்கினாள்.

கட்டில் லேசாக அமுங்கியது. நனைந்த சின்ன உடம்பு ஒன்று நடுங்கியபடி அவள் இடது கைக்கு அடியில் தலையைக் கொடுத்து, முந்தானைக்குள் புகுந்து, விலாவோடு ஒண்டிக்கொண்டது.

சைத்ரா. மயிலாத்தாள் எப்போதோ கொண்டுவந்து விட்டிருக்கிறாள். மழைக்கு முன்னாலேயே வந்து உள்ளே எங்கேயாவது ஒளிந்திருக்கும். சண்முகப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடி, இறுக்கிக்கொண்டாள். எங்கே போயிருந்தாய், ஏன் நனைந்தாய் என்று கேட்டாள். முந்தானைக்குள் அந்த உடம்பு மெதுவாக ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சூடு அவள் விலாவுக்குள் இறங்கி, வயிற்றுக்குப் பரவி, பயத்தையெல்லாம் கரைத்தது. பிரசவத்தன்று முதல் தடவையாகப் பக்கத்தில் படுக்க வைத்தார்களே, அந்தச் சூடு.

போன் அடித்தது.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு தரம் கூப்புட்டிருக்கீங்களாட்ட இருக்குது. மழ உட்டதும் நானே கூட்டியாந்து உட்டர்றனுங்க. புள்ள இங்கதான் குட்டிய மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கா. இருங்க, பேசறாளாமா."

"அம்மா, ஆட்டுக்குட்டி என் வெரலைச் சப்புதுங்கம்மா."

போன் கையிலிருந்து நழுவியது. அதன் வெளிச்சம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து அணைந்தது.

தள்ளிவிட வேண்டும். எழுந்து ஓட வேண்டும். இடது கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. இன்னும் இறுகியது. குப்பைக்குழி மண் வாசம் முந்தானைக்குள்ளிருந்து வந்தது. பச்சை முட்டைக் கவிச்சி வந்தது. குமட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு அந்தப் பயமும் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

விலாவில் ஏதோ சப்பியது.

மழை விட்டது. கேட் பக்கம் டார்ச் வெளிச்சம் ஆடியது. புள்ளை வந்தாச்சு, ஆடு தனியாகக் கிடக்கிறது, வாரேனுங்க என்று மயிலாத்தாளின் குரல் கேட்டது. இருங்கக்கா, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று கத்த வாயைத் திறந்தாள்.

தொண்டைக்குள் கொர்ர்ர் என்றது.

டார்ச் வெளிச்சம் போய்விட்டது. வாசலில் சின்ன முட்டி கதவைத் தட்டியது.

"அம்மா, கதவத் தொறங்க. இருட்டா இருக்குது."

எழுந்தாள். இடது கை முந்தானையை அணைத்தபடி இருந்தது. வலது கை தாழை நீக்கியது. கரண்ட் வந்தது.

வெளிச்சத்தில் ஒரு பிள்ளை நின்றது. மஞ்சள் கவுன். இரண்டாவது பட்டனில் சிவப்பு நூல். தைத்தது நினைவிருந்தது. எல்லாம் நினைவிருந்தது. ஆனாலும் விலாவில் சூடு இருந்தது. இந்தப் பிள்ளையிடம் ஆட்டு வாசம் அடித்தது. வேற்று வாசம்.

"அம்மா, முந்தானைக்குள்ள என்னங்கம்மா?"

அவள் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

பிள்ளை செருப்பு வாரைக் கழற்றுவதற்காக அவள் காலடியில் குனிந்தது. ரெட்டைப் பின்னல் இரண்டும் முன்னால் விழுந்தன. நடுவில், உச்சந்தலை வரை, காலையில் அவளே எடுத்த நேர் வகிடு வெள்ளையாகத் தெரிந்தது.