தொட்டிக்காரர் வீட்டு இருட்டு

சிவப்பு விளக்கை உடைத்தது தொட்டிக்காரர்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாமென்றால், ஆராய்ச்சிக்கூடத்தின் அந்த நிலவறையில் அவரையும் கண்ணில்லாத குகை மீன்களையும் தவிர யாருமில்லை. மீன்கள் சாட்சி சொல்ல வராது என்பதுதான் ஒரே ஆறுதல். இரை போட்டு முடித்ததும் தொட்டியின் முன் நின்று நாடக நடிகரைப் போல இடுப்பை வளைத்துக் கும்பிடுவது அவர் வழக்கம். எத்தனை முறை செய்தாலும் முகம் சுளிக்காத ரசிகர்கள் அவருக்கு அங்கேதான் உண்டு. இன்று கும்பிடு கொஞ்சம் ஆழமாகிவிட்டது. பின்புறம் விளக்குத் தாங்கியில் இடித்து, விளக்கு தொட்டித் தண்ணீருக்குள் விழுந்து வெடித்தது. இருட்டில் சில்லுகளைத் துழாவி எடுத்ததில் விரல் கிழிந்தது.

மீன்களை ஆராயும் அம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கூப்பிட்டு அனுப்பும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். போகக் கால் வராமல், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைத் தொட்டிக்காரர் கேட்டு வைத்தார்: இதுகளுக்கு ஏன் கண் இல்லை?

முன்னோர்களுக்கு இருந்தது என்றார் அந்த அம்மா. இப்போதும் முட்டைக்குள் கண் முளைக்கத் தொடங்குமாம். பிறகு கரைந்துபோய், மேலே தோல் மூடிவிடுமாம். கண் என்பது உடம்புக்குப் பெரிய செலவு. இருட்டிலே கண் மங்கிப் பிறந்த மீனுக்கு எந்த நஷ்டமும் இல்லை, மிச்சம்தான். பார்வைக்குப் பதிலாக வாயும் தோலும் கூர்மையாகி, பக்கத்தில் தண்ணீர் அசைந்தாலே அதற்குத் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஆகும்.

"நல்ல வேளை, ஒரே ஆயுசுல ஆகாது" என்றார் தொட்டிக்காரர். அந்த அம்மா சிரிக்கவில்லை.

வெளியே உச்சி வெயில் கண்ணில் ஊசியாய் இறங்கியது. நிலவறை வேலைக்குப் போன நாளிலிருந்தே வெளிச்சம் அவருக்கு ஆகாது. அதனால்தான் வீட்டு ஜன்னல்களில் கறுப்புத் துணியை ஆணியடித்து வைத்திருந்தார். பல்புகள் ஒவ்வொன்றாகப் போனபோது, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவர் மனைவி முதலில் சண்டை போட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு பேசுவதை விட்டாள். பேச்சு நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் இன்றைக்கு, வழி நெடுக, அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. வேலை போனால் போகட்டும். வாசலில் நுழையும்போது அவள் ஒருமுறை நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்தால் போதும்.

கதவைத் திறந்தார். காயாத துணியின் வாடையும், ஈரச் சுவரின் வாடையும், அவற்றுக்கு அடியில் நிலவறைத் தண்ணீரில் மட்டுமே அவர் அறிந்திருந்த ஏதோ ஒரு குளிர்ந்த கல் வாடையும் கலந்து வந்து மூக்கில் ஏறின. சமையலறையிலிருந்து கத்தி பலகையில் விழும் சத்தம், ஒரே சீராக, மழை நின்ற பின்னும் கூரை சொட்டுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் அவருக்குத் தன் கையே தெரியவில்லை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன ரத்தம்?" என்றாள் உள்ளிருந்தே.

அவர் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"உனக்கு மூக்கா, மோப்ப நாயா?" என்று சிரித்துப் பார்த்தார். சிரிப்பு கூடத்தைத் தாண்டிப் போகவில்லை. தட்டுத் தடுமாறிச் சமையலறைக்கு வந்தபோது கண் கொஞ்சம் பழகியிருந்தது. அவள் முதுகு தெரிந்தது. தலைமுடியை முன்பக்கமாக வழிய விட்டிருந்தாள். விளையாட்டாக, சத்தமே இல்லாமல், அவர் வலது கையைத் தூக்கினார்.

அவள் தலை வலது பக்கம் சாய்ந்தது.

கையை இறக்கினார். தலை நேரானது.

இடது பக்கம் ஒரு எட்டு வைத்தார். அவள் தோளும் அந்தப் பக்கமே மெல்லத் திரும்பியது. கத்தி மட்டும் நிற்கவில்லை.

"எம்மேல கோவமா?"

"இல்ல."

"அப்போ திரும்பிப் பாரு."

"சோறு போடட்டுமா?"

"என்னைப் பாரும்மா."

"உக்காருங்க. காயத்துக்குத் துணி சுத்தணும்."

வேலைக்கு ஆபத்து வந்த கதையைச் சொன்னார். விளக்கு விழுந்ததை நடித்துக் காட்டினார். கும்பிட்டும் காட்டினார். கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை. காத்திருந்தார். அவள் மூச்சு கேட்டது. தன் மூச்சு கேட்டது. ஏனென்று தெரியாமல் பின்னால் நகர்ந்தார். முதுகு ஜன்னலில் இடித்தது. கை துணியைப் பிடித்தது. இழுத்தார். ஆணி தெறித்தது.

வெயில்.

கண் எரிந்து நீர் கொட்டியது. இமைகளைப் பிளந்து பார்த்தார். அவள் இப்போது அவரைப் பார்க்கத் திரும்பி நின்றாள். வெயில் நேராக முகத்தில். கையால் மறைக்கவில்லை. சுளிக்கவில்லை.

முடியை ஒதுக்கினாள்.

புருவம் இருந்தது. புருவத்துக்குக் கீழே கன்னம். நடுவில் எதுவுமில்லை. தழும்பில்லை. மடிப்பில்லை. மழமழவென்று தோல்.

"எப்போ?" என்றார். "எப்போ ஆச்சு இது?"

அவள் இப்போது அருகில் வந்தாள். வழியில் கிடந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு, எதையும் தொடாமல். ஈரக் கையால் அவர் முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, பிறகு நனைந்திருந்த இமைகள். அங்கே விரல்கள் நின்றன.

"நீங்க கடைசியா என் மூஞ்சியப் பார்த்துப் பேசினீங்களே, அன்னிக்கே பாதி மூடியிருந்துச்சு" என்றாள். "நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன்."