கழற்றிக் கொடுத்த மைக்

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். பாதி வீடுகளில் கழன்று கிடக்கும் பிளக்கைச் சொருகிவிட்டு, மலையைப் புரட்டியவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு திரும்புகிறவன். அன்றும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, தூறலில் நனைந்தபடி அந்த வீட்டு மணியை அழுத்தினேன்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா கதவைத் திறந்தார். நல்ல மத்தியானம். ஆனால் வீட்டில் ஒரு விளக்கு பாக்கியில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மருந்து வாடை.

"மைக் வேலை செய்யல தம்பி. போன வாரம் கம்ப்யூட்டர் அதுவா என்னமோ அப்டேட் பண்ணுச்சு. அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

"மைக் எதுக்கும்மா? பாட்டுப் பாடுவீங்களா?"

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. நான் அடுப்படியில நின்னாலும் அவர் மூச்சு விடுறது காதுல விழணும்ல? அதான் கட்டில்கிட்ட மைக், இங்க ஸ்பீக்கர்."

நாக்கைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் மைக்கின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி. 'இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை.' அப்பாடா, வெறும் டிரைவர் தகராறு. ஒரு சாதனத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். அப்டேட் வந்து பழையதைக் கெடுத்திருக்கும்.

"ஐயா எந்த ரூம்ல இருக்காரு? மைக்கை ஒரு பார்வை பார்த்துடறேன்."

"அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. கட்டிலையும் மைக்கையும் அப்பவே ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன்."

மவுசின் மேல் இருந்த என் கை அப்படியே நின்றது.

"அப்போ... போன வாரம் வரைக்கும் என்ன கேட்டுச்சு?"

"மூச்சுதான்."

பால்காரர் வந்துவிட்டுப் போனார் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பின்கட்டு அறையைத் திறந்து காட்டினார். காலி அறை. தரையில் கட்டில் கால்களின் தடம். சுவரிலிருந்து ஒரு வயர் தொங்கியது. அதன் நுனியில் ஒன்றும் இல்லை. மேலே பல்பு மட்டும் எரிந்தது.

"அவருக்கு இருட்டுன்னா ஆகாது," என்றார்.

பாவம், தனியாக இருந்து இருந்து மனசு பேதலித்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்று இடித்தது. கழற்றிவிட்ட சாதனம் பட்டியலில் மங்கித்தான் தெரியும். இது மங்கவில்லை. மைக் இருக்கிறது, தொடங்கத்தான் முடியவில்லை என்று கம்ப்யூட்டரும் சாதித்தது.

"அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும் தம்பி. வேற எதுவும் வேணாம்."

எதை நீக்கினாலும் முதலில் என் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்வேன். தொழிலில் சூடுபட்டுக் கற்ற பழக்கம். பழைய டிரைவரை நகலெடுத்தேன். பட்டியலிலிருந்து மைக்கை நீக்கினேன். ரீஸ்டார்ட் செய்து, நகலிலிருந்து திரும்ப ஏற்றினேன்.

டிரைவர் ஏறியது. மைக் வரவில்லை. மங்கலாகக்கூட இல்லை.

அந்த அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"இல்ல தம்பி. அவர் இல்ல."

"இந்த நகலை வீட்டுல வெச்சுப் பார்த்துட்டு நாளைக்கு வர்றேம்மா," என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

என் வீடு ஒற்றை அறை. வாய்விட்டுப் பேச ஃபிரிட்ஜ்தான் துணை. நன்றாக இருட்டியிருந்தது. விளக்கைப் போடச் சோம்பல்பட்டு, லேப்டாப்பைத் திறந்து பென்டிரைவைச் சொருகினேன்.

நான் எதையும் தொடவில்லை.

பட்டியலில் அந்த மைக் தானாக வந்து உட்கார்ந்தது. மஞ்சள் குறி இல்லை. 'சாதனம் சரியாக இயங்குகிறது.'

ஒலி அளவைக் காட்டும் பச்சைப் பட்டை மெல்ல ஏறியது.

இறங்கியது.

ஏறியது.

பிறகு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. சளி கட்டிய நெஞ்சிலிருந்து இழுத்து இழுத்து வரும் மூச்சு. அந்த வீட்டு மருந்து வாடை என் அறையில் அடித்தது. மூச்சு வேகமெடுத்தது. பயந்த பிள்ளை மூச்சு வாங்குவதுபோல வாங்கியது.

இருட்டுன்னா ஆகாது.

எழுந்து சுவிட்சைத் தேடினேன். கை எட்டுவதற்குள் சுவிட்ச் 'டக்' என்றது. விளக்கு எரிந்தது.

நீக்கு என்ற ஒரு சொல்லின் மேல் சொடுக்கினால் போதும், தொல்லை தீர்ந்தது. விரல் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் ஸ்பீக்கரில் காதை வைத்துக் குனிந்திருந்த அந்த முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை. போனை எடுத்தேன்.

"அம்மா... ஐயா இங்க இருக்காரு."

அந்தப் பக்கம் ஒரு விம்மல்.

"லைட்டு எரியுதா தம்பி?"

"எரியுதும்மா," என்று சொல்லி, என் வீட்டு விலாசத்தையும் கொடுத்தேன்.

"அழிச்சுடாதீங்க. இதோ கிளம்பிட்டேன். நான் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது.

லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா வர்றாங்க ஐயா."

மூச்சு தணிந்தது. பச்சைப் பட்டை நிதானமாக ஏறி இறங்கத் தொடங்கியது. என் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலி லேசாக முனகியது, யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல.

வெளியே மழை வலுத்தது. வண்டிச் சத்தம் எதுவும் இன்னும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் விளக்கை அணைக்காமல் காத்திருந்தோம்.